போனைக் கேட்டால், முதலில் தாளைக் கேளுங்கள்

"அக்கா, போலீஸ் போனைக் கேட்டா கொடுத்துத்தான் ஆகணுமா?"

கல்லூரி மாணவர்கள், உள்ளூர் நிருபர்கள், குடிதண்ணீருக்காக மறியலில் உட்காருகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. நான் கீழமை நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நடத்துகிற வக்கீல். சில நேரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், சில நேரம் வேண்டியதில்லை. ஆனால் எல்லா நேரத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. போனை எடுக்கவும், பேச்சை ஒட்டுக்கேட்கவும், உடல் அளவுகளைப் பதிந்து வைக்கவும் அரசுக்குச் சட்டம் கொடுத்திருக்கிற அதிகாரம் எல்லாமே ஒரு தாளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதுதான்: சம்மன், மகஜர் (எடுத்த பொருளைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பட்டியல்), காரணம் எழுதிய ஆணை. அந்தத் தாள் இருந்தால் நாளைக்கு ஒரு நீதிபதி அதைப் படித்து, நடந்தது சரியா தப்பா என்று சொல்ல முடியும். இல்லையென்றால் உங்கள் பேச்சும் அவர்கள் பேச்சும் மட்டும்தான் மிஞ்சும். அதில் எந்தப் பேச்சு எடுபடும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எதிர்த்து மல்லுக்கு நிற்காதீர்கள், ஓடாதீர்கள், தாளைக் கேளுங்கள்.

கீழே நான் சொல்லும் பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்கள். அதற்கு முன்பிருந்த பழைய சி.ஆர்.பி.சி. சட்டத்தின் எண்களையே சொல்லும் காவலர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நிறுத்தினால்

வண்டியை நிறுத்தி லைசென்ஸ், ஆர்.சி. கேட்டால் காட்ட வேண்டும், அதில் பேச்சே இல்லை. போனைத் திறந்து வாட்ஸ்அப்பைக் காட்டு என்பது வேறு விஷயம். 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் சாலையில் போனவர்களை நிறுத்தி, அவர்களுடைய போனில் "கஞ்சா" என்ற சொல்லைத் தேடிப் பார்த்த வீடியோ வெளியானது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்களே ஒத்துழைக்கிறார்கள் என்பதுதான் போலீஸ் தரப்பு கொடுத்த விளக்கம். அந்த விளக்கத்தைக் கவனியுங்கள். நீங்கள் பேசாமல் லாக்கை எடுத்து நீட்டினால் அது உங்கள் சம்மதம் என்று கணக்காகிவிடும்.

எனவே வாயைத் திறந்து சொல்லுங்கள்: "சார், இதுக்கு என் சம்மதம் இல்லை. எந்த செக்‌ஷன்ல கேக்கறீங்கன்னு எழுதிக் கொடுங்க, வக்கீலோட ஸ்டேஷனுக்கு வர்றேன்." சத்தம் போடாமல், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி, இரண்டு முறை. அதற்கு மேலும் பிடுங்கினால் இழுக்காதீர்கள். இழுத்த கையே "பணி செய்யவிடாமல் தடுத்தார்" என்று எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடும். பேட்ஜில் இருக்கும் பெயர், ஜீப் எண், இடம், மணி நான்கையும் மனதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் எழுதி, அன்று ராத்திரிக்குள் மாவட்ட எஸ்.பி.க்கு, நகரமாக இருந்தால் கமிஷனருக்கு, மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுநாள் அதையே பதிவுத் தபாலிலும் போடுங்கள். உடனே பதில் வராது. ஆனால் அன்றைய தேதியிட்ட ஒரு புகார் உங்கள் கையில் இருக்கும்.

முகத்தைப் படம் எடுப்பதும் இப்போது நடக்கிறது. முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் செயலி தமிழ்நாடு காவல்துறையிடமும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளப்படுத்தல்) சட்டம் கைரேகை, படம், கருவிழிப் பதிவு எல்லாம் எடுக்க அதிகாரம் கொடுக்கிறது. எடுத்ததை 75 ஆண்டு வைத்திருக்கலாம். ஆனால் யாரிடம் எடுக்கலாம் என்று அதே சட்டம் சொல்லியிருக்கிறது: தண்டனை பெற்றவர், கைது செய்யப்பட்டவர், தடுப்புக் காவலில் இருப்பவர் போன்றவர்களிடம். மற்றவர்களிடம் எடுக்க வேண்டுமானால் ஒரு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். டீ குடித்துக்கொண்டு நிற்கும் பையனை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. "நான் கைதாகியிருக்கேனா சார்?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், "அப்போ படத்துக்கு சம்மதம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

"சும்மா ஒரு என்கொயரி, ஸ்டேஷனுக்கு வா"

போனில் வரும் இந்த அழைப்புக்குப் பதறி ஓட வேண்டாம். சாட்சியாக விசாரிக்க 179-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவராக ஆஜராகச் சொல்ல 35(3), ஆவணத்தையோ கருவியையோ கொண்டுவரச் சொல்ல 94. மூன்றுமே எழுத்தில் வர வேண்டியவை. "சார், சம்மனை எழுத்துல அனுப்புங்க, வர்றேன்" என்று சொன்னாலே பாதி அழைப்புகள் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சாட்சி என்றால், பெண்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், 15 வயதுக்குக் கீழ் உள்ள சிறுவர்களையும், உடல்நலம் மோசமாக இருப்பவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என்னிடம் வந்த எத்தனையோ அம்மாக்கள், மகனைப் பற்றி விசாரிக்க என்று கூப்பிட்டு, பொழுது சாய்ந்த பிறகும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்கள்.

சம்மனில் 94 என்று இருந்து, அதே வழக்கில் உங்களையே குற்றவாளியாகச் சேர்த்திருந்தால், போனை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடமே "உனக்கு எதிரான ஆவணத்தைக் கொண்டுவா" என்று சம்மன் அனுப்ப முடியாது என்று பழைய சட்டத்தின் இதே பிரிவை வைத்து உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1964-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சோதனை போட்டு எடுக்கலாம். அதற்குத்தான் அடுத்து வரும் மகஜர்.

மகஜர்

நான் சொல்வதில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரு போராட்டத்தில் ஒரு தம்பியின் போனை எடுத்தார்கள். மகஜரில் இருந்த வரி இவ்வளவுதான்: "கருப்பு நிற டச் செல்போன் – 1". கம்பெனி பெயர் இல்லை, சிம் பற்றி ஒன்றுமில்லை, எடுக்கும்போது ஆனாகி இருந்ததா ஆஃபாகி இருந்ததா என்றும் இல்லை. பல மாதம் கழித்து நான் திருப்பிக் கேட்டு மனுப் போட்டபோது, அந்த ஸ்டேஷனின் பொருள் அறையில் கருப்பு டச் போன்கள் ஒரு டிரே நிறைய இருந்தன. போன் கிடைக்காமல் போனதை விட எனக்கு உறுத்தியது வேறு. நடுவில் இருந்த மாதங்களில் யார் அதைத் திறந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எதையாவது ஏற்றினார்களா என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பக்கூட எனக்குப் பிடி கிடைக்கவில்லை. எந்தப் போன் என்பதே தாளில் இல்லையே.

உங்கள் போனை எடுத்தால் மகஜரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள். கம்பெனி, மாடல், நிறம், கண்ணாடியில் கீறல் இருந்தால் அந்தக் கீறல். இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்), *#06# அடித்தால் திரையில் வரும், இப்போதே அடித்து ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள், ஏனென்றால் போன் கையை விட்டுப் போன பிறகு அடிக்க முடியாது. சிம் எந்த நிறுவனம், எத்தனை. மெமரி கார்டு உண்டா. எடுக்கும்போது ஆனா, ஆஃபா, ஃபிளைட் மோடில் போட்டார்களா. எந்த இடம், எத்தனை மணி, எந்தக் குற்ற எண். உங்கள் கண் முன்னே கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்களா. சாட்சிகள் இரண்டு பேர், அந்தப் பகுதியைச் சேர்ந்த சுயேச்சையான ஆட்கள். ஒவ்வொரு வழக்கிலும் அதே இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடும் ஸ்டேஷன்கள் உண்டு. சாட்சியின் பெயரையும் முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குறுக்கு விசாரணையில் எனக்கு அது தங்கம்.

புதிய சட்டத்தில் மக்களுக்குச் சாதகமான ஒன்றும் வந்திருக்கிறது. 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுவதையும், பட்டியல் எழுதி சாட்சிகள் கையெழுத்திடுவது வரைக்கும், வீடியோ எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். "வீடியோ ஓடுதா சார்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வீடியோவிலேயே பதிவானால் இன்னும் நல்லது. வாரன்ட் இல்லாமல் 185-இல் வீட்டுக்குள் வந்திருந்தால், ஏன் வாரன்ட் வாங்க நேரமில்லை என்று அதிகாரி முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் அது மாஜிஸ்திரேட்டிடம் போயிருக்க வேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டால் அதன் நகல் காசில்லாமல் கிடைக்கும். மூன்றாம் நாளே மனுப் போடுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். மகஜரில் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். எழுதியிருப்பது உண்மையானால் போடலாம். தப்பாக இருந்தால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் "போன் என் பையிலிருந்து எடுக்கப்பட்டது, கவரில் சீல் வைக்கவில்லை" என்பது போல ஒரு வரி எழுதி, மணி போட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் கையில் வராமல் "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதவே எழுதாதீர்கள். விசாரணையில் நீங்கள் சொன்னதை ரைட்டர் எழுதி நீட்டும் வாக்குமூலம் வேறு. அதில் கையெழுத்து வாங்கவே கூடாது என்று 181 சொல்கிறது. வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

பாஸ்வேர்டு

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. பாஸ்வேர்டு அதற்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல், நீதிமன்றம் உத்தரவிட்டால் கொடுக்க வேண்டும் என்றது; டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல், விசாரணை நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடைமுறைக்கு ஒன்று தெளிவு: ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு எஸ்.ஐ. கேட்பது நீதிமன்ற உத்தரவு ஆகாது. "கோர்ட் ஆர்டர் வந்தா வக்கீல் மூலமா பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38-ஆம் பிரிவில் இருக்கிறது. கூடவே உட்கார்ந்திருக்க முடியாது, ஆனால் நடுவில் வந்து பேச முடியும்.

விரலைப் பிடித்து அழுத்தித் திறப்பதும், போனை முகத்துக்கு நேரே காட்டித் திறப்பதும் எளிது. அதனால் போராட்டத்துக்கோ செய்தி சேகரிக்கவோ போகும் நாளில் கைரேகை, முகப் பூட்டு இரண்டையும் அணைத்துவிட்டு எண் பூட்டு மட்டும் வையுங்கள், நான்கு இலக்கம் போதாது, ஆறுக்கு மேல். வக்கீல் எண்ணையும் வீட்டு எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். நம்மில் யாருக்குமே இப்போது எண்கள் மனப்பாடமாக இல்லை. தேவையில்லாத பழைய உரையாடல்களைச் சாதாரண நாளிலேயே அழித்துப் பழகுங்கள். வழக்கு வந்த பிறகோ சம்மன் வந்த பிறகோ எதையும் அழிக்காதீர்கள். அது தனிக் குற்றம், உங்களை நான் காப்பாற்றும் வழியையும் அடைத்துவிடும்.

போனைத் திரும்பப் பெற 497 அல்லது 503-இல் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். பொருளைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் காட்டலாம். கூடவே, போனிலிருந்து தகவலை நகலெடுத்திருந்தால் அதன் ஹாஷ் மதிப்பைக் கேளுங்கள். ஹாஷ் என்பது அந்தத் தகவலின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் இதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள்.

ஒட்டுக்கேட்டால்

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. போனைப் பிடுங்கினால் உங்களுக்குத் தெரியும். ஒட்டுக்கேட்டால் தெரியாது, அன்றும் சொல்ல மாட்டார்கள், முடிந்த பிறகும் சொல்ல மாட்டார்கள்.

ஒட்டுக்கேட்பதற்கு, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2)-ஆம் பிரிவும் அதன் கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இப்போது நடப்பில் உள்ளவை. ஆணையில் கையெழுத்திட வேண்டியவர் மத்தியில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர். அவசரம் என்றால் உயர் போலீஸ் அதிகாரியே தொடங்கிவிடலாம், ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வர வேண்டும். ஓர் ஆணைக்கு 60 நாள் ஆயுள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள். சரி பார்ப்பது யார்? ஆய்வுக் குழு. மத்தியில் அமைச்சரவைச் செயலரும் இரண்டு செயலர்களும், மாநிலத்தில் தலைமைச் செயலரும் இரண்டு செயலர்களும். எல்லோரும் அதே அரசின் அதிகாரிகள். ஒரு நீதிபதி கூட இல்லை, எதிர்க்கட்சி இல்லை, உங்கள் பக்கம் பேச ஒருவரும் இல்லை. இந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும். ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமா என்று 2018-ல், தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அரசு அமைத்த குழுவே சொன்னது இது.

உங்களால் செய்ய முடிவது, வழக்கு வந்து குற்றப்பத்திரிகையில் தொலைபேசி உரையாடல் ஆதாரமாக வைக்கப்பட்டிருந்தால், வக்கீலை விட்டு அந்த ஆணையைக் கேட்க வைப்பது. யார் கையெழுத்து, தேதி என்ன, காரணம் எழுதியிருக்கிறதா அல்லது சட்டத்தின் வார்த்தைகளையே காப்பி அடித்திருக்கிறார்களா, பதிவு 60 நாளைத் தாண்டியதா, ஆய்வுக் குழுவுக்குப் போனதா. கடைசிக் கேள்வியில் நிறைய வழக்குகள் சறுக்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று, ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க அதை இழுத்து நீட்ட முடியாது என்றது; பதிவுகளை ஆய்வுக் குழு முன் வைக்காததையும் காட்டியது. இதன் வேர் 1996 டிசம்பரில், பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இரண்டையும் அச்செடுத்து வக்கீலிடம் கொடுங்கள். அவர் ஏற்கெனவே படித்திருந்தாலும் கொடுங்கள்.

யாரிடம் எப்போது பேசினீர்கள் என்ற சி.டி.ஆர். பட்டியல் இதில் சேராது. அதை வாங்க உள்துறைச் செயலர் வேண்டியதில்லை, நிறுவனத்திடம் போலீஸே எழுதி வாங்கிவிடும்.

வழக்கு எதுவும் இல்லாதவர்கள் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுப் போடுங்கள். "என் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா?" என்று கேட்டால் நாட்டின் பாதுகாப்பு என்று அந்தச் சட்டத்தின் 8(1)-ஐக் காட்டி மறுப்பார்கள். ஆட்களைப் பற்றிக் கேட்காமல் நடைமுறையைப் பற்றிக் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009 என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு, நான் எழுதிக் கொடுக்கும் கேள்விகள் இவை: கடந்த மூன்று ஆண்டுகளில் மாநில ஆய்வுக் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது? ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஆணைகள் அதன் முன் வைக்கப்பட்டன? எத்தனையை அது செல்லாது என்றது? எத்தனை பதிவுகளை அழிக்கச் சொன்னது?

இதில் யாருடைய பெயரும் இல்லை, எந்த வழக்கின் ரகசியமும் இல்லை. கூடிய தேதியைச் சொல்வதால் எந்த நாட்டின் பாதுகாப்பும் குலையாது என்பதை மேல்முறையீட்டில் அப்படியே எழுதலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலும் மறுப்பு வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் மனுவின் நகலோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள், ஆணையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.